அக்காவின் எழுத்தும் மாதுளம்பழக் கலண்டரும்

பரிஸின் லாச்சப்பலில் அப்பாவின் மரக்கறிக் கடைக்கு நல்ல பெரிய பெயர்ப்பலகை இருக்கிறது. ஆனால் தெருவில் ஒருவரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. "பரிஸ் பஞ்சாங்கத்தின்ரை கடையிலை முருங்கைக்காய் வந்திட்டுதாம்" என்றுதான் கதைப்பார்கள். பரிஸ் பஞ்சாங்கம் என்றால் அப்பா.

காசுப்பெட்டிக்கு மேலே யாழ்ப்பாணத்தில் அச்சான நாள்கலண்டர் தொங்கும். திதி, நட்சத்திரம், ராகுகாலம் எல்லாம் அந்த ஊர் நேரத்தில் இருக்கும். அப்பா காலையில் கடை திறந்ததும் முதல் வேலையாக அவற்றைப் பென்சிலால் வெட்டிவிட்டுப் பக்கத்தில் பரிஸ் நேரத்தை எழுதுவார். "அங்கை வெயில் ஏறுற நேரம் இஞ்சை நாங்கள் நித்திரை. பேந்து என்னண்டு அந்த நேரத்தை இஞ்சை பாக்கிறது?" இது அவருடைய கட்சி. எதிர்க்கட்சி என் மாமா, அம்மாவின் தம்பி, கடையில் பங்காளி. ஊரிலிருந்து அச்சாகி வந்ததை ஒருவரும் தொடக்கூடாது என்பது மாமாவின் கொள்கை. "அங்கை கோயில்லை கொடி ஏறினால் ஏறினதுதான். உங்களுக்காகப் பரிஸ் நேரத்துக்கு இன்னொருக்கா ஏத்துவாங்களோ, அத்தான்?" என்பார். கத்தரிக்காய் அடுக்கிக்கொண்டே இருவரும் இதைச் சண்டை பிடிப்பார்கள். வாங்க வந்தவர்களும் கட்சி பிரிந்து நிற்பார்கள். நான் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கப் போனதற்கு இந்தச் சண்டைதான் காரணம் என்று அம்மா இன்றும் சொல்வா.

அக்காவுக்குக் கலியாணம் சரிவந்த வருடம் இந்தச் சண்டைக்குள் இன்னொரு கலண்டர் வந்து விழுந்தது.

கலியாணப் பதிவை எங்கள் ஆட்கள் 'எழுத்து' என்பார்கள். இந்த நாட்டில் மேரியில், அதாவது நகரசபையில், எழுத்து முடிந்த பிறகுதான் தாலி கட்டலாம். எழுத்துக்குச் சாட்சி வேண்டும். அக்காவின் சாட்சி யார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. பரிஸின் புறநகரான சார்செலில் எங்கள் கட்டடத்தில் நான்காம் மாடியில் வளர்ந்த அவளுடைய சிநேகிதிதான். துனிசியாவிலிருந்து வந்த யூதக் குடும்பம். இருவரும் ஒரே பள்ளிக்கூடம், பிறகு ஒரே தாதியர் கல்லூரி, இன்றைக்கும் ஒரே ஆஸ்பத்திரி. சிநேகிதியின் கலியாணத்தில் மேரியில் சாட்சிக் கையெழுத்து வைத்தது அக்கா. அன்று கையெழுத்து வைத்த பேனையை அக்கா மறதியாகக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். "வைத்திரு, உன் முறைக்கு அதே பேனையால் நான் வைக்கிறேன்" என்றாளாம் சிநேகிதி. அந்தப் பேனை அக்காவின் மேசையில் வருடக்கணக்காகக் கிடந்தது. அதை நான் எடுத்துத் தொலைபேசி இலக்கம் எழுதியதற்கு ஒருமுறை அடியும் வாங்கியிருக்கிறேன்.

அப்பாவும் மாமாவும் அதிசயமாக ஒத்துப்போய் நாள் பார்த்தார்கள். வைகாசியில் வளர்பிறை. சனிக்கிழமை மேரியில் எழுத்து, ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் தாலி. எல்லாருக்கும் லீவு. அக்கா கடையில் நின்றுகொண்டே சிநேகிதிக்குப் போன் எடுத்தாள். சந்தோசமாகத் தொடங்கிய குரல் இறங்கிக்கொண்டே போனது.

சனிக்கிழமை ஷபாத், யூதரின் ஓய்வுநாள். வெள்ளி பொழுதுபட்டதிலிருந்து சனி இரவு நட்சத்திரம் தெரியும்வரை அவர்கள் எழுதமாட்டார்கள். பேனையையோ மின்சாரப் பொத்தானையோ தொடவே மாட்டார்கள். இது எங்களுக்குத் தெரியாததில்லை. சின்ன வயதில் சனிக்கிழமைகளில் சிநேகிதியின் அம்மா லிஃப்டுக்கு முன்னால் சும்மா நிற்பா. நானும் அக்காவும் ஓடிப்போய்ப் பொத்தானை அமத்துவோம். தெரிந்திருந்தும் நாள் பார்க்கும்போது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

"எனக்காக ஒன்றையும் மாற்றாதே. வேறு ஆளைப் பிடி. நான் ஞாயிறு பின்னேரம் வந்து நன்றாக ஆடுகிறேன்" என்று சிநேகிதி சொல்லிவிட்டாள். அக்கா போனை வைத்துவிட்டு, ஒருவரும் கேட்காமலே சின்ன வெங்காயம் தெரிந்தெடுக்கத் தொடங்கினாள். கடை வேலை என்றால் அவளுக்கு விஷம். அப்பா கணக்கை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

மாமாதான் முதலில் வாய் திறந்தார். "ஒரு கையெழுத்துக்கு ஏன் இந்தப் பாடு? நான் வைக்கிறன்."

"உங்கடை கையெழுத்து பாங்கிலையே செல்லுறேல்லை, மாமா" என்றாள் அக்கா, தலை நிமிராமல்.

"அப்ப சனிக்கிழமையை மாத்துவம்" என்றார் அப்பா. "ஞாயிறு மண்டபம் நிக்கட்டும். எழுத்து அதுக்கு முன்னாலை ஒரு நாளிலை வைக்கலாம்தானே. பிள்ளை, நீ பார். அவையின்ரை நாளையும் பார், எங்கடை நாளையும் பார். ரெண்டும் பொருந்துற ஒரு நாளை எடு."

பிள்ளை என்றால் நான். எனக்கு வேறென்ன வேண்டும்? அன்றே தொடங்கிவிட்டேன்.

சிநேகிதியிடம் கேட்பதில்லை என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். கேட்டால் எந்த நாளையும் "எனக்குச் சரி" என்றுவிட்டு, தன் பக்கத்துச் சிரமத்தை மறைத்துவிடுவாள். ஆகவே வேறு வழிகளில் போனேன். முதலில் சார்செலில் எங்கள் தெருமுனையில் யூதர்களின் உணவு விதிப்படி நடக்கிற கோஷர் இறைச்சிக்கடை. எங்கள் கடையில் தை பிறக்க முன் கலண்டர் கொடுப்பதுபோல் அவர்களும் வாடிக்கையாளருக்குக் கொடுப்பார்கள். தை மாதம் போய்க் கேட்டேன். கடைக்காரர் சிரித்தார். "மதமுவசெல், எங்கள் வருடம் செப்டம்பரில் பிறந்துவிட்டது. கலண்டர் எல்லாம் அப்போதே முடிந்தது. அடுத்த செப்டம்பருக்கு வாருங்கள், முதல் ஆள் நீங்கள்தான்." வருடம் இலையுதிர்காலத்திலும் பிறக்கலாம் என்பது எனக்கு அன்றைய முதல் செய்தி.

பிறகு நகர நூலகம். பெரியவர்களுக்கான புத்தகங்கள் தடிப்பாகவும் நித்திரை வரப்பண்ணுவதாகவும் இருந்தன. சிறுவர் பகுதியில் படம் போட்ட ஒன்று கிடைத்தது. குட்டிக் கதிரையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து அதை ஒரே மூச்சில் முடித்தேன். அன்று ரயிலில் என் வாய் ஓயவில்லை. பக்கத்தில் அக்கா இருந்தாள், பாவம்.

"அக்கா, அவைக்கு மாதம் அமாவாசை முடியத்தான் பிறக்குது. அப்ப அவையின்ரை மாதத்தின்ரை முதல் பாதி எங்கடை வளர்பிறை! பாஸ்கா பௌர்ணமியிலை. கூடாரப் பண்டிகையும் பௌர்ணமியிலை. ஓலையாலை பந்தல் மாதிரி ஒண்டு போட்டு, அதுக்குள்ளை இருந்து சாப்பிடுவினமாம். கூரைக்குள்ளாலை நட்சத்திரம் தெரியவேணுமாம்."

"அவை விளக்கு ஏத்துற ஹனுக்கா எங்கடை கார்த்திகை விளக்கீடு மாதிரித்தானே?"

"இல்லை. நானும் அப்பிடித்தான் நினைச்சன். விளக்கீடு பௌர்ணமியிலை. ஹனுக்கா தேய்பிறையிலை, நிலா இல்லாத நேரம்."

"உனக்கு எழுத்துக்கு நாள் பாக்கச் சொன்னால் நீ சோதனைக்குப் படிக்கிறாய்" என்று அக்கா ஜன்னல் பக்கம் திரும்பினாள். ஆனால் கொஞ்சம் கழித்து, "பிறகு?" என்றாள்.

பிறகு நிறைய இருந்தது. எங்களுக்கு மாதம் சூரியனோடு, திதி சந்திரனோடு. அவர்களுக்கு மாதமே சந்திரனோடு. அப்படியே விட்டால் பண்டிகைகள் வருடா வருடம் பின்னுக்கு நழுவும். பாஸ்காவோ வசந்தத்தில்தான் வரவேண்டும். ஆகவே சில வருடங்களில் ஒரு முழு மாதத்தைக் கூடுதலாகச் சேர்த்துவிடுகிறார்கள். எங்கள் பஞ்சாங்கத்தில் அதிக மாதம் என்று வருமே, அதே யோசனை! பாஸ்காவுக்குப் பிறகு சில வாரங்கள் அவர்கள் கலியாணம் வைப்பதில்லை. அது வைகாசிக்குக் கிட்டே முடிகிறது. கோடையில் இடிந்துபோன தங்கள் கோயிலை நினைத்துத் துக்கம் காக்கிற மூன்று வாரம், அப்போதும் கலியாணம் இல்லை. அது பல வருடங்களில் எங்கள் ஆடி மாதத்தோடு போய் முட்டுகிறது. இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று கேட்காமல் ஒரே நேரத்தில் மண்டபங்களைச் சும்மா விடுகின்றன என்று நினைக்க எனக்கு உடம்பு புல்லரித்தது. ஆக, மிச்சம் இருந்தது வைகாசிதான். வைகாசியில் அவர்களுக்கு ஷவுவோத் என்ற பண்டிகை வரும். மலையில் அவர்களுக்கு வேதம் கிடைத்த நாள், அன்றும் ஷபாத் போல எழுதமாட்டார்கள். அதுவும் வளர்பிறையில்தான், நாங்கள் நாள் வைத்திருந்த அதே வாரத்தில்.

இணையத்தில் தேடினால் ஓரிடத்தில் ஷவுவோத் ஒரு நாள் என்று இருந்தது. இன்னோரிடத்தில் இரண்டு நாள். வேறு பிள்ளை என்றால் இதில் தடக்கி நின்றிருக்கும். வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் ஒரே விரதத்தை இரண்டு நாளில் போட, அப்பா ஒரு நாளும் மாமா மறுநாளும் விரதம் இருக்கிற வீட்டில் வளர்ந்தவள் நான். அவர்களுக்குள்ளும் இப்படி இரண்டு கட்சி இருக்கும், சிநேகிதி வீட்டார் எந்தக் கட்சி என்று தெரிந்தால் போதும் என்று எனக்குள் முடிவுகட்டிவிட்டேன்.

அதைத் தெரிந்துகொள்ளுமுன் அப்பா முந்திக்கொண்டார். ரன்ஜிஸ் மொத்தச் சந்தையில் அவர் எலுமிச்சம்பழம் எடுக்கிற யூத வியாபாரியிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அந்த மனுஷன் தன் அலுவலகச் சுவரிலிருந்தே ஒரு கலண்டரைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். வழவழப்பான தாள், பிரெஞ்சிலும் எபிரேயத்திலும் அச்சு, மட்டையில் பிளந்த மாதுளம்பழம். அப்பா அதைப் பெட்டிகளுக்கு மேலே விரித்து வைத்துவிட்டு மாமாவைக் கூப்பிட்டார்.

"பார் மச்சான். எருசலேமிலை அடிச்சது. நேரே அங்கையிருந்து வந்தது. இதுக்கு மேலை ஒரு அத்தாட்சி வேணுமோ?"

மாமாவே தலையை ஆட்டினார். "ஓம், அங்கத்தையது எண்டால் பிழைக்காது."

மாதுளம்பழக் கலண்டரில் ஷவுவோத் புதன்கிழமை. ஒரே ஒரு நாள். அவர்களுக்கு நாள் முதல்நாள் பொழுதுபட்டதும் தொடங்கும் என்பதை நான் மூன்று தரம் எடுத்துச் சொல்ல, அப்பா செவ்வாய் பின்னேரத்தையும் சேர்த்துப் பென்சிலால் வளைத்தார். வியாழன் வெறுமையாக இருந்தது. வியாழன் எங்களுக்கு நல்ல கிழமை, சப்தமி, நல்ல நட்சத்திரம். மேரியிலும் அன்று காலை இடம் இருந்தது. பக்கத்து ஊரான பியர்ஃபித்தில் இருந்த மாப்பிள்ளையிடம் கேட்டோம். எதற்கும் ஓம் சொல்கிறவர், இதற்கும் ஓம் என்றார். பக்கத்துத் தெரு அச்சகத்தில் அழைப்புக் காட் அடித்தாகிவிட்டது. பிள்ளையாருக்குக் கீழே தங்க எழுத்தில் வியாழக்கிழமை.

சிநேகிதியைக் கடைக்கே வரச்சொன்னாள் அக்கா. அவள் எங்கள் கடைக்கு வருவது புதிதில்லை. சமைத்ததைச் சாப்பிடமாட்டாள், வெண்டிக்காயும் மாம்பழமும் வாங்குவாள். அப்பாவைத் 'தொன்தோன்' என்பாள், மாமா என்கிறதுபோல. அப்பா மாம்பழத்தைக் கழுவிக் கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் காட்டை நீட்டினார். அக்கா பின்னால் நின்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

சிநேகிதி வாசித்தாள். முகம் மலர்ந்து, பிறகு அந்த மலர்ச்சி அப்படியே நின்றுவிட்டது. தொடரவும் இல்லை, போகவும் இல்லை.

"வியாழன் காலை," என்றாள் பிரெஞ்சில், மெதுவாக. "நான் வருவேன். வீட்டிலிருந்து நடந்து வந்துவிடலாம். உன் பக்கத்திலேயே நிற்பேன். கையெழுத்து மட்டும்…"

"ஏன்?" என்றாள் அக்கா.

"பண்டிகை முடியாதே. வியாழன் இரவில்தான் முடியும்."

அந்தளவு பிரெஞ்சு அப்பாவுக்கு விளங்கியது. "இல்லைப் பிள்ளை, முடிஞ்சுது! புதனோடை முடிஞ்சுது!" என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டு ஓடிப்போய் மாதுளம்பழக் கலண்டரைத் தூக்கிவந்தார். அவள் அதை வாங்கி, மட்டையைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தாள். கண்ணில் தண்ணீரும் இருந்தது.

"தொன்தோன், இது எருசலேம் கலண்டர். அங்கே ஒரு நாள். இங்கே எங்களுக்கு இரண்டு நாள்."

 மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். "அத்தான்! ஊர்க் கலண்டர் இஞ்சை செல்லாதெண்டு எத்தினை வருசமா என்ரை உயிரை வாங்கினனீங்கள்! கடைசியா நீங்களே ஊர்க் கலண்டரை நம்பிப் போட்டியளே! அதுவும் ஆற்றையோ ஊர்!"

 அப்பா மாமாவைக் கேட்டமாதிரியே இல்லை. "ஏன் இஞ்சை ரெண்டு நாள்? அதைக் கேள்" என்றார் என்னிடம்.

சிநேகிதி வாழைக்காய்ப் பெட்டியில் உட்கார்ந்து சொன்னாள். நான் அப்பாவுக்கு மொழிபெயர்த்தேன். கணக்குப்போட்ட கலண்டர் வருவதற்கு முந்திய காலம். புது நிலவைக் கண்ணால் கண்டவர்கள் எருசலேமுக்குப் போய்ச் சாட்சி சொல்லவேண்டும். குறைந்தது இரண்டு பேர். அந்த இரண்டு சாட்சியை விசாரித்த பிறகுதான் மாதம் பிறந்துவிட்டதென்று அறிவிப்பார்கள். செய்தி ஊர் ஊராகப் போகும். தூர தேசத்தில் இருந்தவர்களுக்கு அது நேரத்துக்கு வந்துசேராது. மாதம் இன்று பிறந்ததா, நேற்றா? தெரியாது. பிழைக்கக்கூடாதே என்று அவர்கள் பண்டிகையை இரண்டு நாளும் கொண்டாடினார்கள். பிறகு கணக்கு வந்துவிட்டது, சந்தேகம் போய்விட்டது. ஆனாலும் தூரத்தில் இருக்கிறவர்கள் அந்த இரண்டாம் நாளை விடவில்லை.

"இண்டைக்கும்?"

"இன்றைக்கும். என் அம்மம்மா துனிசியாவில் இரண்டு நாள். நாங்கள் சார்செலில் இரண்டு நாள்."

அப்பா கலண்டரை மேசையில் வைத்துத் தடவினார். "தூரத்திலை இருக்கிறவனுக்கு ஒரு நாள் கூட" என்றார். அதை இன்னொரு தடவையும் சொன்னார். மாமாவின் சிரிப்பு தானாக அடங்கியது.

அக்காதான் எல்லாரையும் தரைக்குக் கொண்டுவந்தாள். "எல்லாம் சரி. இப்ப காட் அடிச்சாச்சு. நான் என்ன செய்ய?"

"ஒன்றும் செய்யவேண்டாம்" என்று சிநேகிதி எழும்பினாள். "நான் பக்கத்தில் நிற்கிறேன். அது போதாதா?"

"காணாது" என்றாள் அக்கா, தமிழில். சிநேகிதிக்குத் தெரிந்த சில தமிழ்ச் சொற்களில் அது ஒன்று. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அப்பா பென்சிலை எடுத்தார். "வெள்ளி?"

"அட்டமி" என்றார் மாமா உடனே. இப்போது அவரும் கிட்ட வந்துவிட்டார். "வெள்ளி அட்டமி, சனி அவளுக்கு ஏலாது. முன்னுக்குப் பாருங்கோ."

"செவ்வாய்?"

"செவ்வாய்க்கிழமை எழுத்து வைச்சால் அக்கா என்னை வீட்டுக்குள்ளை விடமாட்டா." அவர் சொன்ன அக்கா என் அம்மா. "திங்கள் சதுர்த்தி. அதுவும் போச்சு."

"எத்தினை மணிமட்டும் சதுர்த்தி?" என்றார் அப்பா.

மாமா யாழ்ப்பாணக் கலண்டரின் தாள்களைப் புரட்டினார். "பின்னேரம் நாலு மணி கழியும் மட்டும். பிறகு பஞ்சமி. ஆனால் நாலு மணிக்குப் பிறகு மேரியிலை ஆர் இருக்கப்போறான்?"

அப்பா என்னைப் பார்த்தார். எனக்குத் தொண்டைக்குள் சிரிப்பு வந்துவிட்டது. "மாமா, அது அங்கத்தைய நாலு மணி. அந்த நேரம் இஞ்சை மத்தியானம்! மத்தியானச் சாப்பாடு முடிய இஞ்சை பஞ்சமி வந்திடும்."

"வளர்பிறைப் பஞ்சமி" என்றார் அப்பா. "ராகுகாலமும் காலமையே முடிஞ்சிடும். அவையின்ரை பண்டிகை செவ்வாய் பின்னேரம்தான் தொடங்குது. திங்கள் மூண்டு மணி. என்ன சொல்லுறாய், மச்சான்?"

எல்லாரும் மாமாவைப் பார்த்தோம். ஊர்க் கலண்டர்ப்படி அன்று சதுர்த்தி என்று அவர் பிடித்த பிடியில் நின்றிருக்கலாம். சொந்தக்காரரில் பாதிப்பேர் அவர் பக்கம்தான் நின்றிருப்பார்கள். மாமா சிநேகிதியைப் பார்த்தார், கையில் இருந்த காட்டைப் பார்த்தார்.

"நிலாவைக் கண்ட சாட்சி சொல்லத்தான் அவைக்கு மாதம் பிறந்ததாம்" என்றார் கடைசியில். "எங்கடை பிள்ளைக்கும் சாட்சி வரவேணும்தானே. ஆனால் இந்த ஒரு தரம்தான், அத்தான். நாளைக்கு ராகுகாலத்திலை கை வைச்சால் நான் விடமாட்டன்."

மேரிதான் மிச்சம். மறுநாள் அக்காவும் மாப்பிள்ளையும் போனார்கள். திங்களில் வழக்கமாகக் கலியாணம் செய்துவைப்பதில்லை, மேயருக்கு உதவியானவர் ஒருவர் வரச் சம்மதித்தால் பார்க்கலாம் என்று ஒரு அம்மா பதிவு செய்துகொண்டா. பதில் வர ஒரு வாரத்துக்கு மேலாகியது. அந்த நாட்களில் அக்கா போன் அடித்தாலே அறைக்குள் ஓடினாள். அப்பா ஒவ்வொரு காலையும் கலண்டரில் திங்களுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார், யாராவது அதைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல. பதில் வந்தபோது அக்கா ஆஸ்பத்திரியில் வேலையில் இருந்தாள். வீட்டு இலக்கத்துக்கு அடித்தார்கள், எடுத்தது நான். நாள் மாறிவிட்டது, நேரம் மூன்று மணி, ஏன் திங்கள் என்று கேட்கலாமா என்றா அந்த அம்மா. நான் பஞ்சமியிலிருந்து தொடங்கினேன். "சரி, சரி" என்று சிரித்துக்கொண்டே அவ வைத்துவிட்டா.

காட் எல்லாம் திரும்ப அடிக்க அப்பா விடவில்லை. அச்சகத்தில் அதே தங்க நிறத்தில் சின்ன ஒட்டுத்தாள்கள் அடித்து வந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கடைக்குப் பின்னால் இருந்து ஒவ்வொரு காட்டிலும் வியாழனின் மேல் திங்களை ஒட்டினோம். சிநேகிதியும் வந்து ஒட்டினாள். தமிழ் எழுத்துத் தெரியாததால் அவள் ஒட்டியவற்றில் கொஞ்சம் தலைகீழ்.

"விடு, விடு" என்றார் மாமா. "தலைகீழா நிண்டு நாள் பாத்த கலியாணம் எண்டு சனத்துக்குத் தெரியட்டும்."

அந்தத் திங்கள் மழை பெய்துவிட்டு வெளித்திருந்தது. மேரி மண்டபத்தில் எங்கள் பக்கம் பட்டுச் சேலைகள், நடுவில் சிநேகிதி நீலச் சட்டையில். எங்கள் சமயச் சடங்குகளில் தான் நிற்பதில்லை, தாலி கட்டி முடிந்த பிறகுதான் மண்டபத்துக்கு வருவேன் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். அப்பாவுக்கு அது முழுதாக விளங்கியிருந்தது. எழுத்து அவளுடையது, தாலி எங்களுடையது என்றார். சாட்சியின் பெயரை வாசித்ததும் சிநேகிதி முன்னே போனாள். மேசையில் இருந்த பேனையை அவர்கள் நீட்ட, அவள் வாங்கவில்லை. அக்கா கைப்பையைத் திறந்தாள்.

அந்தப் பேனை எழுதவில்லை. இத்தனை வருடத்தில் மை காய்ந்துபோயிருந்தது. சிநேகிதி அதை உதறினாள், ஊதினாள், உள்ளங்கையில் உருட்டிச் சூடாக்கினாள். மேயரின் ஆள் பொறுமையாக நின்றார். பின்வரிசையிலிருந்து மாமா, "பஞ்சமி முடியிறதுக்குள்ளை எழுதிப்போடு, பிள்ளை" என்று மெல்லச் சொல்ல, எங்கள் பக்கம் முழுவதும் குலுங்கியது. நாலாவது கீறலில் மை வந்தது. முதல் எழுத்து மங்கல், கடைசி எழுத்து கறுப்பு. அக்கா அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அப்பா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஒருமுறை தலையை ஆட்டினார்.

வெளியே வந்ததும் சிநேகிதி நிற்கவில்லை. பண்டிகைக்கு வெண்ணெய்க்கட்டிப் பணியாரங்கள் சுடவேண்டும், நாளைப் பொழுதுபட முன் எல்லாம் முடியவேண்டும் என்று படிகளில் ஓடினாள்.

வியாழன் காலை நான் ரயிலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். முதலில் அடித்த காட்டின்படி அந்நேரம் நாங்கள் எல்லாரும் மேரியில் நின்றிருக்கவேண்டும். தெருவின் மறுபக்கத்தில் பண்டிகை உடுப்போடு குடும்பங்கள் நடந்துவந்துகொண்டிருந்தன. அவற்றில் ஒன்றில் சிநேகிதியும் இருந்தாள், கைப்பை இல்லாமல், போன் இல்லாமல், இரண்டு கையையும் வீசிக்கொண்டு. என்னைக் கண்டதும் தூரத்திலிருந்தே இரண்டு விரலை உயர்த்திக் காட்டினாள். இரண்டாம் நாள். நானும் இரண்டு விரலைக் காட்டினேன்.

கடைக்குப் போனபோது அப்பா வழக்கம்போலக் கலண்டரில் நேரங்களை வெட்டி எழுதிக்கொண்டிருந்தார். அன்றைய தாளின் அடியில், ராகுகாலத்துக்குக் கீழே, பென்சிலால் 'ஷவுவோத் 2' என்று இருந்தது. சார்செலில் ஒரு கோஷர் சமையலகத்தில் வேலை செய்கிற, வன்னியிலிருந்து வந்த பெடியன் ஒருவன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அண்ணை, இண்டைக்கும் பூட்டோ எங்கடை இடம்? நேற்றுத்தானே பூட்டினவங்கள்."

"இண்டைக்கும்தான்" என்றார் அப்பா. "இஞ்சை ரெண்டு நாள். இரு, ஏனெண்டு சொல்லுறன்." வாழைக்காய்ப் பெட்டியை அவனுக்குக் காலால் தள்ளிவிட்டார். நான் செப்டம்பரில் இறைச்சிக்கடைக்கு முதல் ஆளாகப் போகவேண்டும் என்று போனில் குறித்துக்கொண்டேன். இரண்டு கலண்டர் கேட்கவேண்டும், ஒன்று வீட்டுக்கு, ஒன்று கடைக்கு.